சொல் பொதுச்சொத்து; பட்டியல்?

ஆப்பிளின் மேக் கணினியில், அதை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஒருமுறைகூடத் திறந்து பார்த்திராத ஒரு கோப்பு இருக்கிறது. பெயர் 'வெப்2'. அதில் பொருள் விளக்கமோ உச்சரிப்போ கிடையாது. வரிக்கு ஒன்றாக ஆங்கிலச் சொற்கள் மட்டும். 1934-இல் அமெரிக்காவில் வெளிவந்த வெப்ஸ்டர் பன்னாட்டு அகராதியின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தவை. மொத்தம் 2,34,936 என்று உடனிருக்கும் குறிப்பு சொல்கிறது. பிஎஸ்டி வகை இயங்குதளங்களில் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் கோப்பு இது. அந்தக் குறிப்பில் இன்னொரு வரியும் உண்டு: 1934-ஆம் ஆண்டின் பதிப்புரிமை காலாவதியாகிவிட்டது என்பது பட்டியலைக் கொடுத்தவர் சொன்ன தகவல்.

கொடுத்தவர் சொன்னார், அவ்வளவுதான் ஆதாரம். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு நூலுக்கு முதலில் 28 ஆண்டுகள் பாதுகாப்பு. அது முடியும் தறுவாயில் உரிமையாளர் புதுப்பித்திருந்தால், பின்னாளில் வந்த நீட்டிப்புகளையும் சேர்த்து மொத்தம் 95 ஆண்டுகள். 1934-இல் வந்த நூலுக்கு 2029 இறுதிவரை கணக்கு ஓடும். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் 1962-உடன் முடிந்துபோயிருக்கும். இந்தக் கணக்கில் எது பொருந்துகிறது என்று குறிப்பு சொல்வதில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளில் அமர்ந்திருக்கும் ஒரு பட்டியலின் உரிமை வரலாறு ஒரு வாய்ச்சொல்லின் மேல் நிற்கிறது.

சொற்பட்டியல் அகராதி ஆகாது. ஆனால், இன்று அகராதியைவிட அதிகமாக உழைப்பது அதுதான். கடிதம் தட்டச்சு செய்யும்போது பிழையின் கீழே சிவப்புக் கோடு விழுவது அதனால். சொல் விளையாட்டுகள் ஒரு சொல்லை ஏற்பதும் தள்ளுவதும் அதைப் பார்த்துத்தான். 1975-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு ஒரு பிழைதிருத்தி எழுதினார். அவருடைய சக ஊழியர் டக் மெக்கில்ராய் ஏறத்தாழ 30,000 சொற்களை 64 கிலோபைட் நினைவகத்துக்குள் சுருக்கி அடக்கி அதை மேம்படுத்தினார். அன்று இடம் போதாதது சிக்கல். இன்று இடம் ஏராளம், பட்டியல்களும் ஏராளம். எந்தப் பட்டியலை யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்பதுதான் சிக்கல்.

ஒரு தனிச்சொல்லுக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. இதில் பெரிய ஐயமில்லை. ஆயிரக்கணக்கான சொற்களைத் திரட்டி அடுக்கிவைத்தால்? இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் தந்த வழக்கு, சொற்களைப் பற்றியதே இல்லை. தொலைபேசிக் கையேட்டைப் பற்றியது.

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ரூரல் என்ற சிறு தொலைபேசி நிறுவனம் தன் சந்தாதாரர்களின் பெயர், ஊர், எண்களை அகரவரிசையில் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்துவந்தது. பெயர்கள் ஏறத்தாழ 7,700. பக்கத்துப் பகுதிகள் பலவற்றையும் சேர்த்துப் பெரிய கையேடு போட்ட ஃபைஸ்ட் நிறுவனம் ரூரலிடம் அனுமதி கேட்டது. கிடைக்கவில்லை. அனுமதி இல்லாமலே எடுத்துக்கொண்டது. ஃபைஸ்ட் கையேட்டில் இருந்த 46,878 பதிவுகளில் 1,309 ரூரலின் பதிவுகளோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. அவற்றில் நான்கு பேர் உலகத்திலேயே இல்லாதவர்கள். திருடுபவரைக் கையும் களவுமாகப் பிடிக்க ரூரல் நட்டுவைத்த பொய்ப் பெயர்கள் அவை.

அப்படிப் பிடித்தும் ரூரல் தோற்றது. 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். தகவல் யாருடைய படைப்பும் அல்ல. அதைக் கண்டறிந்து திரட்ட எவ்வளவு வியர்வை சிந்தியிருந்தாலும் அந்த உழைப்பு மட்டுமே பதிப்புரிமையைத் தந்துவிடாது. எதைச் சேர்ப்பது, எப்படி அடுக்குவது என்பதில் துளியளவாவது படைப்பூக்கம் வேண்டும். அகரவரிசையில் எல்லாரையும் அடுக்குவதில் அந்தத் துளி இல்லை என்று தீர்ப்பு சொன்னது. அதுவரை பல கீழ் நீதிமன்றங்கள் பின்பற்றிவந்த 'நெற்றி வியர்வை'க் கோட்பாடு அமெரிக்காவில் அன்றோடு முடிந்தது.

அந்த நான்கு பொய்ப் பெயர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். சொற்பட்டியல் உலகத்திலும் அவற்றுக்கு உறவினர்கள் உண்டு. 1975-இல் வந்த நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லில்லியன் வர்ஜீனியா மவுன்ட்வீசல் என்ற ஒளிப்படக் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு இருந்தது. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. நகலெடுப்பவரைச் சிக்கவைக்கச் செருகும் பொய்ப் பதிவுக்கு ஆங்கிலத்தில் 'மவுன்ட்வீசல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2001-இல் வந்த நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியில் 'எஸ்க்விவேலியன்ஸ்' என்று ஒரு சொல் சேர்ந்தது. பொறுப்பை வேண்டுமென்றே தட்டிக்கழிப்பது என்று அதற்குப் பொருள். தொகுப்பாளர்களே புனைந்த சொல் அது. 2005-இல் நியூயார்க்கர் இதழ் உண்மையை வெளியிட்டது. அதற்குள் இணைய அகராதி ஒன்றில் அந்தச் சொல் குடியேறியிருந்தது.

பொறி ஒன்றை மட்டுமே நிரூபிக்கும்: நகலெடுத்தார்கள் என்பதை. நகலெடுக்கக் கூடாத பொருளா அது என்பதைப் பொறி சொல்லாது. கேன்சஸ் வழக்கின் பாடம் இதுதான். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களைப் பற்றி வாதிடுவோர் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இந்தக் கேள்வி நம் ஊர் நீதிமன்றப் படியையும் ஏறியிருக்கிறது. அதுவும் கேன்சஸுக்கு வெகுகாலம் முன்பே. ஆங்கில–ஆங்கில–தமிழ் அகராதி பற்றிய கோவிந்தன் எதிர் கோபாலகிருஷ்ணக் கோன் வழக்கின் தீர்ப்பு 1955-ஆம் ஆண்டின் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. அகராதி, பஞ்சாங்கம், நிலப்படம் போன்ற தொகுப்பு நூல்களில் சொந்தப் படைப்பின் அளவு சிறிதாகவே இருக்கும். அந்தச் சிறிதும் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியது என்றது நீதிமன்றம். அங்கே எடுக்கப்பட்டது வெறும் சொல் வரிசை அல்ல. பொருள்கள், அவை அடுக்கப்பட்ட முறை, பிழைகள் உட்படப் பக்கம் பக்கமாக நகலானது. பொருள் எழுதுவது ஒரு மனிதரின் மொழி. அதைத் தொட்டால் குற்றம். தலைச்சொற்களின் வெறும் வரிசை அவ்வளவு வலுவாக நிற்காது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, இலக்கியப் படைப்பு என்பதற்குள் அட்டவணைகளையும் தொகுப்புகளையும் கணினித் தரவுத்தளங்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. 1995-இல் தில்லி உயர் நீதிமன்றம் பர்லிங்டன் வழக்கில் வாடிக்கையாளர் முகவரிப் பட்டியலுக்கே பாதுகாப்பு அளித்தது. 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலையை மாற்றியது: வெறும் உழைப்பும் செலவும் போதாது, திறமையும் தேர்வுணர்வும், குறைந்தபட்சப் படைப்பூக்கமும் வேண்டும். தீர்ப்புகளைத் திருத்திப் பதிப்பித்ததைப் பற்றிய அந்த வழக்கு, சொற்பட்டியல் தொகுப்பவர்களுக்கும் அளவுகோல் தந்திருக்கிறது.

அப்படியானால் தேர்வுணர்வு எங்கே தொடங்குகிறது? ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் விளையாட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 12,000 உண்டு. அவற்றை ஒரு கணினி நொடியில் பிரித்துக் கொடுத்துவிடும். அதில் யாருடைய கைரேகையும் இல்லை. ஆனால், அதில் பாதிக்குமேல் சாதாரண வாசகர் கேள்விப்படாதவை. விளையாட்டை உருவாக்கிய ஜோஷ் வார்டிலின் வாழ்க்கைத் துணை பாலக் ஷா உட்கார்ந்து, தனக்குத் தெரிந்தவை எவை, தெரியாதவை எவை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பட்டியலை ஏறத்தாழ 2,500 ஆகக் குறைத்தார். விடையாக வரும் சொற்கள் அங்கிருந்து பிறந்தவை. அந்த 12,000 ஒரு தகவல். இந்த 2,500 ஒரு பெண்ணின் மொழி அறிவு. 2022 ஜனவரியில் விளையாட்டை நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. 2024-இல் அதே போன்ற விளையாட்டுகளை எழுதியவர்களுக்கு அந்த நாளிதழ் அனுப்பிய அறிவிப்புகள் கட்ட அமைப்பையும் பச்சை நிறத்தையும்தான் முன்வைத்தன. பாலக் ஷாவின் தேர்வு அந்தச் சண்டையில் முன்னுக்கு வரவில்லை. உண்மையான உழைப்பு அங்கேதான் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து.

ஐரோப்பாவில் கதை வேறு. 1996-இல் வந்த தரவுத்தள ஆணை, படைப்பூக்கம் இல்லாவிட்டாலும் கணிசமான முதலீடு செய்து திரட்டிய தரவுக்கு 15 ஆண்டுகள் தனி உரிமை தருகிறது. ஆக, சியாட்டிலில் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய பட்டியல் பெர்லினில் வில்லங்கமாகலாம். நாடு மாறினால் சட்டம் மாறும் என்பதால்தான், தொகுத்தவர் எழுதிவைக்கும் உரிமக் குறிப்பு எந்தத் தீர்ப்பையும்விடப் பயனுள்ளதாகிறது.

அப்படி எழுதிவைத்த சிலரைப் பற்றி நன்றியோடு பேசியாக வேண்டும்.

கிரேடி வார்டு என்ற அமெரிக்கர் 'மோபி' என்ற பெயரில் சொற்களைத் திரட்டினார். தனிச்சொற்கள் மட்டுமே 3,54,984; தொடர்களையும் சேர்த்தால் ஆறு லட்சத்துக்கு மேல். 1996-இல் அத்தனையையும் பொதுச்சொத்தாக விட்டுவிட்டார். ஆலன் பீல், மெண்டல் கூப்பர் இருவரும் சொல் விளையாட்டுக்காக 'எனேபிள்' பட்டியலைத் தொகுத்து அவ்வாறே விட்டார்கள். ஏறத்தாழ 1,73,000 சொற்கள். ஸிங்கா நிறுவனத்தின் புகழ்பெற்ற 'வேர்ட்ஸ் வித் ஃபிரெண்ட்ஸ்' விளையாட்டு அந்தப் பட்டியலின் மேல்தான் எழுந்தது. யாரோ சிலர் பணம் எதிர்பாராமல் செய்த வேலை ஒரு பெரும் வணிகத்துக்கு அடித்தளமாயிற்று. உரிமம் தெளிவாக இருந்ததால் அதில் வழக்குக்கு இடமே இல்லை.

ஸ்க்ராபிள் உலகத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். வட அமெரிக்காவில் அந்த விளையாட்டின் உரிமை ஹாஸ்ப்ரோவிடம். மற்ற நாடுகளில் மட்டெலிடம். கொலின்ஸ் வெளியிடும் ஸ்க்ராபிள் சொற்பட்டியலில் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி 2,79,496 சொற்கள். அமெரிக்கப் போட்டிகளுக்கான அதிகாரப்பூர்வப் பட்டியல் நூலோ நெடுங்காலம் ஆட்டக்காரர் சங்க உறுப்பினர்களுக்கு மட்டுமே விற்கப்பட்டது. இரண்டெழுத்துச் சொல் ஒன்று செல்லுமா செல்லாதா என்பதை அறிந்துகொள்ளக்கூட உரிமையாளர் அனுமதிக்கும் வழியில்தான் போக வேண்டும் என்றால், மொழியைப் பேசுபவருக்கு அது விசித்திரமாகவே தோன்றும்.

இந்த உலகத்தில் இந்தியர் இருவரும் சிக்கினர். கொல்கத்தாவின் ரஜத், ஜெயந்த் அகர்வாலா சகோதரர்கள் உருவாக்கிய 'ஸ்க்ராபுலஸ்' ஃபேஸ்புக்கில் லட்சக்கணக்கானோர் ஆடிய விளையாட்டு. ஹாஸ்ப்ரோ நியூயார்க்கிலும் மட்டெல் தில்லியிலும் வழக்குத் தொடுத்தன. 2008 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தந்த இடைக்கால ஆணை கூர்மையானது: பெயர் வணிகக் குறியை மீறுவதால் அதைப் பயன்படுத்தக் கூடாது, பலகைக்குப் பதிப்புரிமை என்ற வாதத்தை ஏற்க இடமில்லை. விளையாட்டு 'லெக்சுலஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு பிழைத்தது. எண்ணமும் விதியும் யாருக்கும் சொந்தமாகாது, பெயர் சொந்தமாகும் என்ற இந்த வேறுபாடு, பட்டியல்களைக் கையாள்பவர்களும் மனத்தில் வைக்க வேண்டியது.

பரம்பரை தெரிந்த பட்டியல் எப்படி இருக்கும் என்பதற்கு 'ஸ்கௌல்' உதாரணம். ஆஸ்பெல் பிழைதிருத்தியை எழுதிய கெவின் அட்கின்சன் தொகுத்தது. லிப்ரேஆபிஸில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு வரும் பிழைதிருத்தி அகராதி இதிலிருந்து உருவானது. சொற்களை 10 முதல் 95 வரை அளவு எண் கொடுத்துப் படிகளாக அடுக்கியிருக்கிறார். எண் கூடக் கூட அரிய சொற்கள் வரும். பிழைதிருத்திக்கு நடுப்படிதான் நல்லது. எல்லா அரிய சொற்களையும் சேர்த்தால் தட்டச்சுப் பிழையே இன்னொரு சொல்லாகத் தப்பிவிடும். எங்கே வெட்டுவது என்ற இந்த முடிவு சிந்தனையின் வேலை.

அதைவிடப் பாராட்டத்தக்கது அவர் இணைத்திருக்கும் உரிமைக் கோப்பு. மோபி, எனேபிள், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ட்நெட், ஆலன் பீல் பன்னிரண்டு அகராதிகளை ஒப்பிட்டு எடுத்த '12டிக்ட்ஸ்' என்று, எந்தச் சொற்கள் எந்த வீட்டிலிருந்து வந்தன, அந்த வீட்டார் வைத்த நிபந்தனை என்ன என்று வரிசையாகப் பதிந்திருக்கிறார். பிரிட்டனின் குறுக்கெழுத்துப் பிரியர்களுக்காக ராஸ் பெரெஸ்ஃபோர்டு தொகுத்த பட்டியலின் நிபந்தனை அதில் மனதைத் தொடும். மென்பொருளில் சேர்த்தால் தன் பதிப்புரிமைக் குறிப்பைத் தெரியும்படி காட்ட வேண்டும், குறிப்பு முழுவதையும் அப்படியே இணைக்க வேண்டும். வேறு தடை கிடையாது, பட்டியல் முடிந்தவரை பரவட்டும் என்கிறார். வெறும் ஒரு பத்தி. அதனால் அவர் பட்டியல் இத்தனை ஆண்டுகளாக வாழ்கிறது.

மாறாக, 'இலவசம்' என்ற ஒரே சொல்லோடு வெளியாகும் பட்டியல்கள் தொல்லை தருபவை. விலையில்லை என்று பொருளா, விற்கும் பொருளில் சேர்க்கலாம் என்று பொருளா, மாற்றலாம் என்று பொருளா? 'வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற நிபந்தனை இன்னும் சிக்கலானது. பள்ளிக்குழந்தைகளுக்கு இலவசமாகத் தரும் செயலியில் விளம்பரம் வந்தால் அது வணிகமா? அதைத் தீர்மானிப்பது யார்? இத்தகைய ஒரு பட்டியல் வேறு நான்கோடு கலந்துவிட்டால், கலவை முழுவதும் அந்த ஒன்றின் தளையைச் சுமக்கும். பாலில் ஒரு துளி மோர் விழுந்த கதை.

மொழிக் கல்வியில் இது நேரடியாகத் தைக்கும். வங்காளத்தில் கல்வித்துறையில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், ஆங்கிலம் கற்பவருக்கு முதலில் வேண்டிய ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலை 1953-இல் வெளியிட்டார். 2013-இல் சார்லஸ் பிரவுன், பிரென்ட் கல்லிகன், ஜோசப் ஃபிலிப்ஸ் ஆகியோர் 2,801 சொற்களோடு புதிய பட்டியலைத் தந்தார்கள். அதற்கு அடிப்படை கேம்பிரிட்ஜின் உரைத்தொகுப்பில் 27 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட ஒரு பகுதி. உரைத்தொகுப்பு பதிப்பகத்தின் சொத்து; எல்லாருக்கும் திறந்துவிடவில்லை. அதிலிருந்து வடிகட்டிய பட்டியலோ, பெயரைக் குறிப்பிட்டு, அதே நிபந்தனையில் பகிர வேண்டும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகிறது. எத்தனை முறை ஒரு சொல் வருகிறது என்பது தகவல்; அதை எண்ணிய நூல்கள் வேறொருவரின் சொத்து. இரண்டையும் பிரித்து, தங்களால் தரக்கூடியதைத் தெளிவாகத் தந்தார்கள். ஓர் ஆசிரியர் அதை அச்சிட்டு வகுப்பில் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை.

சென்னையிலோ கோவையிலோ கல்லூரி முடித்த கையோடு சொல் விளையாட்டுச் செயலி எழுதும் இளைஞர் ஒருவர் முதலில் தேடுவது ஆங்கிலச் சொற்பட்டியல்தான். முதலில் அகப்படுவதை எடுத்துப் போட்டுவிடுகிறார். செயலி வெற்றி பெற்ற பிறகு வரும் வழக்கறிஞர் கடிதத்துக்குப் பதில் தேடுவதைவிட, எனேபிளையோ ஸ்கௌலையோ எடுத்து உரிமைக் கோப்பை ஒருமுறை படித்துவிடுவது எளிது. பத்து நிமிட வேலை. சட்டம் கடைசியில் தன் பக்கம்தான் நிற்கும் என்று தெரிந்தாலும், நீதிமன்றம் வரை போய் அதை நிரூபிக்கும் வசதி சிறு நிறுவனங்களுக்கு இல்லை.

தொகுப்பவர்களின் பொறுப்பு இதைவிடப் பெரிது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஒருவர் தன் உரிமை முழுவதையுமோ ஒரு பகுதியையோ துறக்க வழி தருகிறது. முன்பு பதிவாளருக்கு அறிவிப்பு தர வேண்டும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பொது அறிவிப்பே போதும். துறக்க மனமில்லாதவர், பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தைத் தேர்ந்தெடுக்கலாம். விற்க விரும்பினால் விற்கலாம், அதிலும் தவறில்லை. எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

ஆங்கிலத்துக்குச் சொன்ன அனைத்தும் தமிழ்ப் பட்டியல்களுக்கும் பொருந்தும். பிழைதிருத்திக்காகவும் கலைச்சொல்லுக்காகவும் வட்டார வழக்குக்காகவும் தனியாட்கள் வீட்டில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் சொற்களைச் சேர்த்துவருகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலை வெளியிடும் நாளில் அதன் அருகே இன்னொரு சிறு கோப்பை வையுங்கள். சொற்கள் எந்தெந்த நூலிலிருந்து வந்தன, எவற்றை எதனால் விட்டீர்கள், எந்த ஆண்டில் முடித்தீர்கள், மற்றவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று உங்கள் பெயரோடு எழுதுங்கள். ஐந்து வரி போதும்.